அத்தியாயம் 9: பன்னிரண்டை இருபத்துநான்கு என்று எண்ணும் கன்ட்ரோலர்

மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டிய டிஸ்டில்டு வாட்டரை வாரத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கிறது என்று கடையில் சொன்னால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “பேட்டரி போயிடுச்சுங்க, மாத்திடுங்க.” கரண்டில் மட்டும் சார்ஜ் ஆகும் இன்வெர்ட்டர் வீட்டுக்கு அது சரியாகவும் இருக்கலாம். மாடியில் பேனல் இருக்கிற வீட்டில் அந்தப் பதிலை உடனே ஏற்க வேண்டாம். பேட்டரியை மாற்றிய இரண்டே மாதத்தில் புதியதும் அதேபோலத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினால், கோளாறு பேட்டரியில் இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் உங்கள் பேட்டரி எத்தனை வோல்ட் என்பதைத் தப்பாக முடிவு செய்திருக்கிறது, அல்லது முடிவு சரியாக இருந்தும் அளவைத் தப்பாகப் படிக்கிறது.

2012-ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வாங்கிய இன்வெர்ட்டரோடு, பின்னால் ஒரு பேனலும் ஒரு கன்ட்ரோலரும் சேர்த்துக்கொண்ட வீடுகள் ஏராளம். அப்படிப் பிற்பாடு ஒட்டுப்போட்ட அமைப்புகளுக்குத்தான் இந்த அத்தியாயம் முதலில் தேவை. தோட்டத்து யானை வேலிப் பெட்டி, மீன்பிடிப் படகின் விளக்கு, கொட்டகை விளக்கு போன்ற சின்ன அமைப்புகளுக்கும் இது பொருந்தும்.

கன்ட்ரோலருக்குத் தெரிவது அதன் முனை மட்டும்

கன்ட்ரோலரில் மூன்று ஜோடி முனைகள் இருக்கும். ஒன்று பேனலுக்கு, ஒன்று பேட்டரிக்கு, ஒன்று லோடுக்கு. பேட்டரி என்று எழுதியிருக்கும் முனையில் எத்தனை வோல்ட் வருகிறதோ அதுதான் கன்ட்ரோலருக்குப் பேட்டரி. அங்கே உண்மையில் பேட்டரி மாட்டியிருக்கிறதா, அது காலியா நிறைவா, சூடாக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தானாகத் தெரியாது. இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாக் கோளாறும் இந்த ஒரு உண்மையிலிருந்து கிளைப்பவைதான்.

“12/24 ஆட்டோ” என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்கப்படும் கன்ட்ரோலர், உயிர் பெற்ற முதல் சில நொடிகளில் முனை வோல்டேஜைப் பார்த்து ஒரு தீர்ப்பு எழுதுகிறது. எல்லைக்கோடு பெரும்பாலும் 18 வோல்ட் அளவில் இருக்கும். அதற்குக் கீழே என்றால் 12 வோல்ட் அமைப்பு, மேலே என்றால் 24.

ஏன் 18? 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி முழுக்கக் காலியானால் 10.5-க்கு அருகில் நிற்கும். சார்ஜ் ஏறும்போது மிஞ்சிப்போனால் 15 தொடும். இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்த 24 வோல்ட் அமைப்பு ஏறத்தாழ 21-க்கும் 30-க்கும் நடுவே இருக்கும். 15-க்கும் 21-க்கும் இடையே ஒழுங்கான எந்தப் பேட்டரியும் நிற்பதில்லை. அந்த வெற்றிடத்தின் நடுவில் கோடு போட்டிருக்கிறார்கள். யோசனை தப்பில்லை. முனையில் இருப்பது பேட்டரியாக இருக்கும்வரை அது வேலை செய்யும்.

சிக்கல் பேனலிலிருந்து வருகிறது. “12 வோல்ட் பேனல்” என்று நாம் சொல்லும் 36 செல் பேனலின் திறந்த சுற்று வோல்டேஜ் 21, 22 வோல்ட். பெயரில்தான் 12. சுமை ஏதும் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அது 18 என்ற கோட்டுக்கு மேலேதான் நிற்கும். பேட்டரி மாட்டாத நிலையில் பேனலை மாட்டினால், பேனல் மின்சாரத்திலேயே உயிர் பெறும் கன்ட்ரோலர்கள் பல உண்டு. அப்போது பேட்டரி முனைக்கும் பேனல் வோல்டேஜ் கசிந்து வந்துவிட்டால், கன்ட்ரோலர் அதைப் பார்த்து 24 என்று எழுதிக்கொள்கிறது. அதன்பிறகு நீங்கள் 12 வோல்ட் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினாலும் தீர்ப்பு மாறாது. பலவற்றில் மின்சாரம் முழுக்கப் போய் மறுபடி வரும்வரை மாறாது. வேறு சில, முதல் முறை கண்டதை நினைவில் பதித்து வைத்துக்கொண்டு மறுபடி கேட்பதே இல்லை.

நடுப்பகலில் பேட்டரியைக் கழற்றினால்

இந்தக் கோளாறு புது அமைப்பைப் பொருத்தும் நாளில் வருவதைவிட, பராமரிப்பு நாளில் வருவதுதான் அதிகம். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. சுடுதண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். வருகிறவர் காலை பதினொரு மணிக்கு வருகிறார். ஸ்பானரை எடுத்து முதலில் பேட்டரி கிளாம்பைக் கழற்றுகிறார். மாடியில் பேனல் வெயிலில் கொதித்துக்கொண்டிருக்கிறது, அதை யாரும் அணைக்கவில்லை. துடைத்து, வாஸ்லின் தடவி, கிளாம்பை மாட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போகிறார். பேட்டரி பளபளவென்று இருக்கிறது. அன்றிலிருந்துதான் அது வேகத் தொடங்குகிறது.

ஆளே வராமலும் இது நடக்கும். டெர்மினலில் பிடித்த உப்பால் தொடர்பு விட்டுவிட்டு வந்தாலும், பேட்டரி ஃப்யூஸ் பகலில் எரிந்து புதியது போட்டாலும், தண்ணீர் ஊற்றுவதற்காகப் பேட்டரி எம்சிபியை மட்டும் இறக்கி ஏற்றினாலும் அதே கதைதான்.

பேட்டரி இல்லாத அந்தச் சில நிமிடங்களில் இன்னொரு சேதமும் உண்டு. கன்ட்ரோலரின் லோடு முனையில் நேராக மாட்டியிருக்கும் 12 வோல்ட் எல்இடி விளக்கு, வைஃபை ரூட்டர், கேமரா ஆகியவற்றுக்கு 20 வோல்ட்டுக்கு மேல் போய்விடலாம். கிளாம்பைக் கழற்றிய அன்றே ரூட்டர் செத்துப்போனால் அதைத் தற்செயல் என்று விடாதீர்கள். கன்ட்ரோலர் 24-க்குத் தாவியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் முதல் தடயம் அதுதான்.

பேட்டரிக்குள் நடப்பது

12 வோல்ட் அமைப்பில் 14.4 வந்ததும் கன்ட்ரோலர் கையைக் கட்டிக்கொள்ளத் தொடங்கும், பிறகு 13.6, 13.8 அளவில் மிதவைக்கு இறங்கும். 24 என்று நினைத்துவிட்டால் அதன் இலக்கு 28.8. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் 28.8 ஒருநாளும் வராது. பிடபிள்யூஎம் வகைக் கன்ட்ரோலர் அடிப்படையில் ஒரு சுவிட்ச். இலக்கு வரும்வரை பேனலைப் பேட்டரியோடு நேராக இணைத்தே வைத்திருக்கும். ஆக, சூரியன் இருக்கும்வரை முழு மின்னோட்டமும் உள்ளே போகிறது. பேட்டரி 15 தாண்டி, 16 தாண்டிப் போகும். எம்பிபிடி வகை விலை அதிகம் என்பதால் தப்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். தீர்ப்பு தப்பானால் அதுவும் அதே இலக்கைத்தான் துரத்தும், இன்னும் திறமையாக.

நிறைந்த பேட்டரிக்குள் போகும் மின்சாரத்துக்கு வேறு வேலை இல்லை. அது தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. கணக்கு எளிது. ஒரு ஆம்பியர்-மணி கூடுதலாகப் போனால் ஒரு செல்லில் ஏறத்தாழ 0.34 கிராம் தண்ணீர் போகும். ஆறு செல்லுக்கு 2 கிராம். 100 வாட் பேனல் இரண்டை இணையாகப் போட்டு, நல்ல வெயிலில் 10 ஆம்பியர் வருகிறது, பேட்டரி நிறைந்த பிறகும் ஐந்து மணி நேரம் தொடர்கிறது என்று வையுங்கள். 50 ஆம்பியர்-மணி, அதாவது ஒருநாளைக்கு 100 மில்லி. மாதத்துக்கு மூன்று லிட்டர், செல்லுக்கு அரை லிட்டர். தட்டின் மேல்விளிம்பு வெளியே தெரிய அவ்வளவு நாள்கூட ஆகாது.

தண்ணீரையாவது திரும்ப ஊற்றலாம். பாசிட்டிவ் தட்டின் ஈயச் சட்டம் அரித்துப்போனால் திரும்ப வராது. மூடிய வகை பேட்டரியில் தண்ணீரும் ஊற்ற முடியாது. சூடு ஏற ஏற மின்னோட்டம் ஏறும், மின்னோட்டம் ஏற ஏறச் சூடு ஏறும், கடைசியில் பெட்டி பலாப்பழம்போல வீங்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். படிக்கட்டுக்கு அடியில், கதவு மூடிய அலமாரியில் பேட்டரி வைத்திருப்பவர்கள் இந்த வரியை இன்னொருமுறை படிக்கவும்.

எதிர்மாறான தப்பும் உண்டு. 24 வோல்ட் அமைப்பை 17 வோல்ட் வரை வற்ற விட்டு, அந்த நிலையில் கன்ட்ரோலரை மாட்டினால் அது 12 என்று எழுதிக்கொள்ளும். 17 வோல்ட் அதற்கு ஏற்கெனவே அளவுக்கு மீறியதாகத் தெரியும், சார்ஜே செய்யாது. பேட்டரி பட்டினியில் சல்ஃபேட் படிந்து சாகும். முதலில் கரண்ட் சார்ஜரில் 24-க்கு மேல் ஏற்றிவிட்டுப் பிறகு கன்ட்ரோலரை மாட்டுங்கள்.

லித்தியம் மாட்டியவர்களுக்கு

லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் பலகை, ஏதாவது ஒரு செல் எல்லை தாண்டினால் தொடர்பைத் துண்டித்துவிடும். நல்லதுதான். ஆனால் துண்டித்த நொடியில் கன்ட்ரோலரின் பேட்டரி முனையில் பேட்டரி இல்லை. மேலே சொன்ன நடுப்பகல் கதை ஆளில்லாமலே அரங்கேறுகிறது. கன்ட்ரோலர் தடுமாறி மறுபடி எழுந்தால் 24 என்று எழுதிக்கொள்ள வாய்ப்பு உண்டு. பிஎம்எஸ் திரும்பச் சேர்ந்ததும் மறுபடி அதிக சார்ஜ், மறுபடி துண்டிப்பு. கடைசிக் காவலுக்கு வைத்த பலகை அன்றாட சுவிட்சாகத் தேய்கிறது. லித்தியத்தோடு ஆட்டோ கன்ட்ரோலர் சேர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. வோல்டேஜைக் கையால் அமைத்துப் பூட்டக்கூடியதே வேண்டும்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கடையில் “12 வோல்ட் லித்தியம்” என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள் கிடைக்கிறது. நான்கு செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 14.2 முதல் 14.6 வரை தாங்கும். மூன்று செல் சாதாரண லித்தியம் அயான் 12.6-ல் நிறைந்துவிடும். பின்னதை லெட்-ஆசிட் அமைப்பில், 14.4-ல் சார்ஜ் போட்டால் செல்லுக்கு 4.8 வோல்ட் வரும். அதன் எல்லை 4.2. இது பேட்டரி கெடும் விஷயம் மட்டுமல்ல, வீடு எரியும் விஷயம். நீல நிற மலிவு கன்ட்ரோலர்களில் பி1, பி2, பி3 என்று ஒரு மெனு இருக்கும். பேட்டரி வகையைத் தேர்வது அங்கேதான். எந்த எண் எந்த வகை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூடவே வந்த துண்டுச்சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

தீர்ப்பு சரி, அளவு தப்பு

12 என்று சரியாகவே கண்டுபிடித்த கன்ட்ரோலரும் பேட்டரியை வேகவைக்க முடியும். இதற்கு நான் அதிகம் சுட்டுவது, வயர் தூரத்தைச் சமாளிக்க அமைப்பைத் திருகும் பழக்கத்தை.

கன்ட்ரோலர் மாடிப்படியில், பேட்டரி கீழே. இடையே ஐந்து மீட்டர், போகவர பத்து. 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். 20 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே 0.6 வோல்ட் போய்விடும். கன்ட்ரோலர் முனையில் 14.4 இருக்கும்போது பேட்டரியில் 13.8 தான். சார்ஜ் நிறையவில்லை என்று வீட்டுக்காரர் குறைப்பட, வந்தவர் மெனுவில் 14.4-ஐ 15 ஆக்கிவிடுகிறார். அவர் மீட்டர் வைத்துப் பார்க்கும்போது பேட்டரியில் 14.4 அழகாகக் காட்டும். ஆனால் பேட்டரி நிறைய நிறைய மின்னோட்டம் குறையும். 2 ஆம்பியருக்கு இறங்கும்போது வயரில் போவது 0.06 தான். அப்போது பேட்டரிக்கு 14.9-க்கு மேல் கிடைக்கிறது, மணிக்கணக்கில். குறைந்த சார்ஜுக்குச் செய்த வைத்தியம் அதிக சார்ஜாகிவிட்டது. சரியான வைத்தியம் தடித்த வயர், அல்லது கன்ட்ரோலரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் இறக்குவது. ஒரு மீட்டருக்குள் இருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

அடுத்தது வெப்பம். 14.4 என்ற இலக்கு 25 டிகிரிக்குச் சொன்னது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் செல்லுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை குறைக்க வேண்டும். சராசரியாக 4 என்று வைத்தால் 12 வோல்ட்டுக்கு 24 மில்லிவோல்ட். சித்திரை வெயிலில், தகரப் பெட்டிக்குள் பேட்டரி 42 டிகிரியில் இருந்தால் இலக்கு 14.0 ஆக இறங்க வேண்டும். வெப்ப உணரி இல்லாத கன்ட்ரோலர் இறக்காது. உணரி உள்ளதிலும், அதன் வயர் பேட்டரியில் ஒட்டாமல் சுவரில் தொங்கினால், நிழலின் வெப்பத்தைப் படித்துவிட்டு வெயிலில் இருக்கும் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும். யானை வேலிப் பெட்டிகள் வேனலில் சீக்கிரம் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கோடை மாதங்களில் இலக்கைக் கையால் 0.3 அல்லது 0.4 வோல்ட் குறைத்து வைப்பது, உணரி இல்லாதவர்களுக்கு நல்ல மாற்று. லித்தியத்துக்கு இந்தத் திருத்தம் வேண்டாம்.

டபுள் பேட்டரி வைத்திருப்பவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கன்ட்ரோலர் பார்ப்பது இரண்டின் கூட்டுத்தொகையை. ஒன்று பழையது, ஒன்று புதியது என்றால் 28.8 சரியாகவே இருக்கும், பங்கீடு 15.4-ம் 13.4-மாக இருக்கும். ஒன்று கொதிக்கும், மற்றது நிறையாது. கன்ட்ரோலர் மேல் குற்றமே இல்லை. ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள் என்று கடைக்காரர் சொல்வது, இந்த ஒரு விஷயத்தில், வியாபாரத்துக்காக அல்ல.

சோதிக்கும் முறை

வேண்டியது ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். தெளிந்த வானம் உள்ள நாளில் பகல் பன்னிரண்டை ஒட்டிச் சோதியுங்கள். இன்வெர்ட்டரின் கரண்ட் சார்ஜிங்கை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு சார்ஜரில் குற்றவாளி யார் என்று தெரியாது. மீட்டரைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. பிறகு கன்ட்ரோலரின் பேட்டரி முனையில் வையுங்கள். கடைசியாகக் கன்ட்ரோலர் திரை என்ன காட்டுகிறது என்று பாருங்கள். மூன்று எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றும் 14.4-க்குள், ஒன்றுக்கொன்று 0.1, 0.2-க்குள் இருந்தால் பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது. மூன்றும் ஒத்துப்போய் 15-க்கு மேல் ஏறிக்கொண்டே இருந்தால் கன்ட்ரோலர் 24 என்று நினைக்கிறது, அல்லது சமநிலைச் சார்ஜ் என்னும் ஈக்வலைசேஷனில் இருக்கிறது. பின்னது ஒரு நாளோடு முடியும், முன்னது தினமும் தொடரும். முனையில் மீட்டர் 15 காட்டும்போது திரை 14.2 என்றால் கன்ட்ரோலரின் அளவு மானியே பிசகிவிட்டது. திருத்தும் வசதி இல்லையென்றால் அதை மாற்றுவதுதான் வழி. திரையையும் முனையையும் விடப் பேட்டரியில் மிகக் குறைவாக இருந்தால் வயரையும் லக்கையும் பாருங்கள்.

ஹைட்ரோமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம்மூர் டியூபுலர் பேட்டரி நிறைவில் 1240 அளவில் காட்டும். தண்ணீர் வற்றிய செல்லில் அது 1280-ம் காட்டும். அதைப் பார்த்து “ஆசிட் நல்லா இருக்கு” என்று முடிவு செய்யக் கூடாது. ஆசிட் அப்படியே இருக்க, தண்ணீர் போனதால் வந்த எண் அது. நிரப்பி, ஒருநாள் சார்ஜ் ஏறிய பிறகு பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கொதித்துக்கொண்டிருக்கும்போது பிடித்துவிட்டால்

பேட்டரியில் கை வைக்காதீர்கள். முதலில் பேனல் எம்சிபியை இறக்குங்கள். எம்சிபி இல்லையென்றால், அல்லது அது பேட்டரி இருக்கும் அறையிலேயே இருந்தால், அதைத் தொடாமல் மாடிக்குப் போய்ப் பேனல்மேல் கெட்டிப் போர்வையையோ சாக்கையோ விரித்து மூடுங்கள். கதவு, சன்னலைத் திறந்துவிடுங்கள். அந்த அறையில் எந்தச் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம், ஃபேன் உள்பட. கிளாம்பைக் கழற்றினால் வரும் ஒரு பொறி போதும். பேட்டரி ஆறியபிறகு, தட்டு மூழ்கும்வரை டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆசிட் ஊற்றச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

மாட்டும் வரிசையும் வாங்கும் பொருளும்

மாட்டும்போது பேட்டரி முதலில். கன்ட்ரோலர் திரை உயிர் பெற்று 12 என்பதை உறுதிசெய்த பிறகு பேனல். கடைசியில் லோடு, சில கம்பெனிக் குறிப்பேடுகள் லோடைப் பேனலுக்கு முன் மாட்டச் சொல்லும், அதனால் கெடுதி இல்லை. கழற்றும்போது பேனல் முதலில், பேட்டரி கடைசி. இதை மீறினால் ஒழிய மேலே சொன்ன 24 கோளாறு பெரும்பாலும் வராது. பேனல் வயரில் டிசி-க்கென்றே செய்த எம்சிபி ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். வீட்டு ஏசி எம்சிபி டிசி பொறியை அணைக்கத் திணறும். அந்த எம்சிபிக்கு மேலே “முதலில் இதை இறக்கவும்” என்று ஒரு தாளில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். இந்த அத்தியாயத்தில் சொன்ன எல்லாவற்றிலும் செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததும் அதுதான்.

புதிதாக வாங்குகிறீர்கள் என்றால், வோல்டேஜைக் கையால் 12 என்று நிலைநிறுத்தும் வசதி உண்டா என்று கேளுங்கள். வெப்ப உணரி உண்டா என்பது இரண்டாவது கேள்வி. யூஎஸ்பி துளை எத்தனை என்பது கேள்வியே அல்ல. மலிவுப் பெட்டிகளில் எம்பிபிடி என்று அச்சடித்துப் பிடபிள்யூஎம் விற்கிறார்கள். பெட்டிக்குள் கனமான சுருள் ஒன்று இல்லாமல், கையில் தூக்கினால் சோப்புக்கட்டி எடைதான் இருக்கிறது என்றால் எழுத்தை நம்ப வேண்டாம். ஏற்கெனவே ஆட்டோ கன்ட்ரோலர்தான் இருக்கிறது, மாற்றப் பணமில்லை என்றால் பாதகமில்லை. வரிசையைக் காப்பாற்றினால் அது பல ஆண்டு உழைக்கும். அடுத்தமுறை டெர்மினல் துடைக்க வருகிறவர் ஸ்பானரை எடுப்பதற்கு முன், பேனலை அணைத்தாயிற்றா என்று நீங்களே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.